செத்துவிட்டதாக எழுதச் சொன்னான்

மார்ச் 9

அத்தைக்கு,

நான் உங்களுக்குக் கடிதம் எழுதுவேன் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும் நினைக்கவில்லை. உங்கள் மகனுக்குத் தனியாக எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. நகரத்தின் போன் கோபுரங்கள் எல்லாம் விழுந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். முற்றுகைக்குள் போய்வருவது மருந்துக் கப்பல் ஒன்றுதானாம், தபாலையும் அதில்தான் ஏற்றுகிறார்களாம். அவர் வேலை செய்கிற பம்ப் ஸ்டேஷனைத் தேடிப்போய் யார் கடிதம் கொடுக்கப்போகிறார்கள்? உங்கள் தையல் கடையைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்றுதான் கேட்கிறேன். அவர் உயிரோடு இருக்கிறாரா?

இதைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அன்று துறைமுகத்தில் ஆளுக்கொரு பையோடு நின்றோம். கடைசிப் படகு அது. எங்களைச் சுற்றி ஊரே நின்றது. அவருக்கு நிலைகொள்ளவில்லை. மலைப்பக்கம் ஒரு குண்டு விழுந்ததும், “அம்மா வரமாட்டேன்னா தூக்கிட்டாவது வர்றேன், நீ ஏறி எடம் புடி” என்று தன் பையை என் காலடியில் போட்டுவிட்டு ஓடினார். நான் இடம் பிடித்தேன். பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல் இரண்டு பையையும் பரப்பி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். கயிற்றை அவிழ்த்தபோது எழுந்து கத்தினேன். குதிக்கப் போனவளை யாரோ ஒரு அம்மாள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

உங்களைக் கூட்டிவரப் போனவர் அவர். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

மருமகள்


மார்ச் 27

மருமகளுக்கு,

உயிரோடு இருக்கிறான். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மூச்சு விட்டுக்கொள். இனி உன் கடிதத்துக்கு வருகிறேன்.

நான் என்ன, அவனைக் கட்டிப்போட்டா வைத்திருக்கிறேன்? அவன் உடம்பென்ன, என் உடம்பென்ன? அன்று மூச்சிரைக்க வந்து வாசலில் நின்று, “அம்மா, கெளம்பு” என்றான். “நான் எங்கயும் வர்றதா இல்ல” என்றேன். அவன் கத்தினான், நானும் கத்தினேன். கீழ்வீட்டு டாக்டர் எங்கள் சண்டையைப் பார்த்துவிட்டு, குண்டு பரவாயில்லை என்று உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரரைப் புதைத்த ஊர் இது. என் மிஷின் இங்கே இருக்கிறது. இன்னொரு ஊரில் வரிசையில் நின்று தட்டை நீட்ட எனக்குக் கை வராது. இதை நான் ஒளித்துவைக்கவில்லை. அவனிடமும் சொன்னேன், உனக்கும் எழுதுகிறேன்.

படகு ஊதியது எங்கள் இருவருக்கும் கேட்டது. அவன் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மதியம் பம்ப் ஸ்டேஷனிலிருந்து அவனுடைய மேஸ்திரி தேடி வந்தார். பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்களாம். “தண்ணி நின்னா ஆஸ்பத்திரி நின்னுடும்பா” என்றார். ஒரு நாளைக்கு என்று போனவன்தான். இப்போது அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். வாரத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கிறான். தாடி வளர்த்திருக்கிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

உன் பழைய கடிதங்கள் அவனுக்குக் கிடைக்கவில்லை. தபால் ஆபீஸ் எரிந்துவிட்டது. இப்போது வரும் தபாலை மீன் மார்க்கெட் மேடையில் குவித்துவைக்கிறார்கள், அவரவர் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். இந்தக் கடிதம்கூட மீன் வாடையோடுதான் உன்னிடம் வரும்.

நானூறு வருஷமாக நிற்கிற கோட்டை, எத்தனையோ முற்றுகை பார்த்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த முற்றுகைகளில் ஜனங்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துறைமுகத்து மணிக்கூண்டு விழுந்துவிட்டது. நான் நாள் முழுக்க மணல் மூட்டைக்குச் சாக்கு தைக்கிறேன். சாக்குத்துணி தீர்ந்து, ஜன்னல் திரை தீர்ந்து, இப்போது நாடகக் கொட்டகையின் சிவப்புத் திரையை வெட்டிக்கொண்டிருக்கிறேன். கோட்டை வாசலில் சிவப்பு வெல்வெட் மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள், பார்த்தால் ராஜா வரப்போகிற மாதிரி இருக்கிறது.

நீயே அவளுக்கு எழுது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் மாமியார்


ஏப்ரல் 18

அத்தைக்கு,

உங்கள் கடிதமும் அவர் எழுதிய துண்டுச் சீட்டும் ஒரே நாளில் வந்தன. முதல் வரிக்காக உங்களுக்கு நன்றி.

அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: “தண்ணி ஓடுது. நானும் ஓடறேன். அம்மா திட்டினா கண்டுக்காத, அவங்க திட்டினா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம்.” இரண்டு மாதம் காத்திருந்தவளுக்கு எழுதுகிற கடிதமா இது? ஆனாலும் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

நான் இருப்பது ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கம். படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டு அறை பிரித்திருக்கிறோம். என் அறைக்கு மேலே கூடைப்பந்து வளையம் இருக்கிறது. பக்கத்து அறையில் யாராவது தும்மினால் என் சுவர் அசைகிறது. நிவாரணக் கூடத்தில் பெரிய வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார்கள். கையைத் தூக்கினேன். இப்போது துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேன் ஓட்டுகிறேன்.

வண்டி ஓட்டுகிறேன் என்று எழுதும்போதே உங்கள் குரல் காதில் கேட்கிறது. “பஸ்ஸு ஓட்டுறவளா? ஆம்பளை மாதிரி காலை அகட்டி உக்காந்துக்கிட்டா?” என்று எங்கள் கல்யாணத்துக்கு முன் பக்கத்துக் கடையில் நீங்கள் கேட்டது, அந்தக் கடைக்காரர் என் பஸ்ஸில் ஏறும்வரைதான் ரகசியமாக இருந்தது. இரண்டு வருஷம் உங்கள் வீட்டுக்கு வந்துபோனேன். என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் அவரைப் பார்த்தே பேசினீர்கள். “அவளுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு.” நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் வேண்டும் என்று நான் அவரிடம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது நடுவில் அவர் இல்லை. நீங்கள் நேராக என்னோடு பேசுகிறீர்கள். முற்றுகை போட்டவர்களுக்கு இது ஒன்றுக்காவது நன்றி சொல்ல வேண்டும்.

ஜாக்கிரதையாக இருங்கள். அவரிடம் தாடியை எடுக்கச் சொல்லுங்கள்.

மருமகள்


மே 11

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே.

அவன் உயிரோடு இருக்கிறான். அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

பம்ப் ஸ்டேஷன் மேல் குண்டு விழுந்தது. காலையில், எல்லோரும் வாளியோடு குழாயடியில் நிற்கிற நேரம். என் கடையில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று பார்க்க வெளியே வந்தேன். குழாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, இழையாகி, நின்றது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. செருப்புப் போடாமல் ஓடினேன்.

இன்ஜின் அறைச் சுவர் அவன் இடது காலின்மேல் விழுந்திருக்கிறது. அது போகட்டும். ஜன்னல் கண்ணாடி முழுக்க முகத்தில். நாலு பேர் மண்ணைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோனார்கள். இரண்டு கண்ணும் போய்விட்டது என்று கீழ்வீட்டு டாக்டர் சொன்னார். அவர்தான் இப்போது ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்க்கிறார். “இனிமே பார்வை வர வழியே இல்லையா?” என்று கேட்டேன். “இல்லம்மா” என்றார். நல்ல மனுஷன், சுற்றி வளைக்கவில்லை.

நினைவு வந்ததும் முதல் பேச்சு இதுதான்.

“அவளுக்கு எழுதிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“செத்துட்டேன்னு எழுது.”

காதில் விழாத மாதிரி இருந்தேன். அவன் என் கையைத் தடவித் தேடிப் பிடித்தான்.

“அம்மா, கேக்குதா? அவளுக்கு இன்னும் வயசிருக்கு. ஒரு குருடனையும் ஒரு நொண்டியையும் ஒண்ணாச் சேத்து அவ தலையில கட்டாத. செத்துட்டான், பொதைச்சாச்சுன்னு எழுதிடு. ரெண்டு மாசம் அழுவா. அப்புறம் சரியாயிடும்.”

“உன்னைப் பத்தி ஊர்ல நான் சொல்லாத பொய்யா? நல்லாப் படிக்கிறான்னேன், பொறுமைசாலின்னேன். இந்தப் பொய் மட்டும் எனக்கு வராது” என்றேன். சத்தியம் செய்யச் சொன்னான். மாட்டேன் என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அவன் சொன்னபடியே எழுதிவிட்டால் என்ன என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அவன் எனக்கே எனக்காக இருந்துவிடுவான். என் பிள்ளை, என் வீடு. அந்த எண்ணத்தோடு பேனாவைக் கையில் எடுத்தபோது, எனக்கு உன் படகு ஞாபகம் வந்தது. இரண்டு பையைப் பரப்பி வைத்துக்கொண்டு அத்தனை பேர் திட்டையும் வாங்கியவள் நீ. இடம் பிடித்து வைத்தவளிடம் ஆள் இல்லை என்று எப்படிப் பொய் சொல்வது?

உன்னால் முடியும் என்றால் முடியும் என்று எழுது. முடியாது என்றால் அதையும் எழுது, நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் பரிதாபப்பட்டு எதையும் எழுதாதே. அவனைப் பார்த்துப் பரிதாபப்பட நான் ஒருத்தி போதும்.

உன் மாமியார்


மே 22

அத்தை,

இதை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து படியுங்கள்.

“செத்துட்டேன்னு எழுதச் சொன்னீங்களாமே. அப்ப நான் இத்தன நாளா தலைக்கு வெச்சுத் தூங்கறது செத்துப்போனவரோட துணிப்பையா? அதுல நீங்க துவைக்காம திணிச்சு வெச்ச காலுறை இருக்கு. அதைக்கூட நான் தூக்கிப் போடல. நாத்தம் தாங்கல, ஆனா போடல.

என் பஸ்ஸுல கண்ணு தெரியாதவங்க தெனம் ஏறுவாங்க. ‘நீங்க செத்துட்டீங்க, எறங்குங்க’ன்னு நான் யாரையும் எறக்கி விட்டதில்ல. முன்சீட்டு அவங்களுக்குத்தான். எழுதியே போட்டிருக்கு. என் பின்னாடியே உக்காந்து வாங்க, போதும்.

என் வயசப் பத்திப் பேச நீங்க யாரு? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? படகுல ஏறுன்னு சொன்னப்பவும் கேக்கல. இப்பவும் கேக்கல. வாங்க, வந்து என் எதிர்ல படுத்துக்கிட்டு இதையெல்லாம் சொல்லுங்க. நான் அங்க வெச்சு அழுதுக்கறேன்.”

இனி உங்களுக்கு மட்டும். மருந்துக் கப்பல் திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றுகிறார்கள். இடம் குறைவு, டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். கீழ்வீட்டு டாக்டர் காலில் விழுந்தாவது வாங்குங்கள். இந்தப் பக்கம் துறைமுகத்தில் காயம்பட்டவர்களை ஏற்றும் வேன் என்னுடையதுதான். வேறு யாரையும் ஓட்ட விடமாட்டேன்.

நீங்கள் பொய் எழுதவில்லை. அதற்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மருமகள்


ஜூன் 7

மருமகளுக்கு,

கப்பல் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது, துறைமுகத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதி, அவன் சட்டைக்குள் வைத்துத் தைத்து அனுப்புகிறேன். நீ படிக்கும்போது அவன் உன் எதிரில் இருப்பான்.

உன் கடிதத்தைப் படித்தேன். அந்தப் பக்கம் திரும்பினான், நானும் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். இந்தப் பக்கம் திரும்பினான், திரும்பவும் சுற்றினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். காலுறை வந்ததும் ஒருவர் சிரித்துவிட்டார். நான் படித்து முடித்தேன். பிறகு, “முன்சீட்டுன்னு வர்ற எடத்த மட்டும் இன்னொரு தடவ படிம்மா” என்றான். படித்தேன். கண் இல்லாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் பார்த்தேன். கட்டு நனைந்து, டாக்டர் வந்து எங்கள் இருவரையும் திட்டினார்.

அதற்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டான். ஆனால் கால் சரியில்லை. சீழ் வைத்துவிட்டது, வாடை வருகிறது. அதற்கான மருந்து இங்கே தீர்ந்துபோய் வெகுநாளாகிறது. சீக்கிரம் கொண்டுபோனால் நல்லது என்று டாக்டர் சொன்னார், அவராகவே சண்டை போட்டுக் கப்பலில் இடம் வாங்கினார். அங்கே இறங்கியதும் முதலில் காலைக் காட்டு. அவன் ஒன்றும் இல்லை என்பான், கேட்காதே.

இன்று காலை கப்பலுக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சர் கிடையாது. பம்ப் ஸ்டேஷன் ஆட்கள் நாலு பேர் ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தூக்கினார்கள். நான் கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். எந்தத் தெரு வந்தாலும் அவனே சொன்னான். “இது ரொட்டிக்கடை திருப்பம். இப்ப நூலகம்.” நூலகம் இருந்த இடத்தில் வானம்தான் இருக்கிறது. “ஆமாம்ப்பா, நூலகம்” என்றேன். பொய் வராது என்று உனக்கு எழுதினேனே, இது ஒன்று வந்துவிட்டது.

“நீயும் ஏறும்மா” என்றான். காயம்பட்டவர்கள் மட்டும்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வயதானவர்களை ஏற்றப்போகிறார்களாம். “அப்ப வந்துடு. இந்தத் தடவ அடம்புடிக்காத” என்றான். “சரி” என்றேன்.

நான் வரமாட்டேன், உனக்கு மட்டும் சொல்கிறேன். இப்போது நான் சாக்கு தைப்பதில்லை. இறந்தவர்களைச் சுற்றுவதற்குத் தைக்கிறேன். ஊரில் மிஷின் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். நான் போய்விட்டால் அவர்களை வெறுமனே மண்ணில் போடுவார்கள்.

என் பிள்ளையை உன்னிடம் அனுப்புகிறேன். பார்த்துக்கொள்.

உன் மாமியார்


ஜூன் 20

மருமகளுக்கு,

அடுத்த கப்பல் வந்துவிட்டது. மீன் மார்க்கெட்டில் தபால் குவியலைக் காலையிலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன், உன் கடிதம் இல்லை. அவன் வந்த சந்தோஷத்தில் மாமியாரை மறந்துவிட்டாய். மறந்துகொள், பரவாயில்லை. நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன்.

வீட்டுக் கூரை போய்விட்டது. கடைக்குக் கீழே துணி மூட்டை வைக்கிற அறையில் படுக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், அவன் கப்பல் ஏறின நாளிலிருந்து எனக்கு நல்ல தூக்கம். குண்டு விழுந்தால் புரண்டு படுத்துக்கொள்கிறேன். விழட்டும், என் பிள்ளை இங்கே இல்லை.

அவனுக்குப் பொறுமை கிடையாது. புண் ஆறும்போது அரிக்கும், சொறிவான். கையில் எதையாவது கொடுத்துவை. திருகு, மரை, பழைய குழாய் எது கிடைத்தாலும் போதும், தடவியே கழற்றி மாட்டுவான். சின்ன வயதில் என் மிஷினைக் கழற்றிப் போட்டு அடி வாங்கினவன். முதல் ஒரு மாதம் எரிந்து விழுவான். நீயும் சும்மா இருக்காதே, திருப்பிக் கத்து. பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தால் அவனுக்குத்தான் கஷ்டம்.

நேரம் கிடைத்தால் வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டு. இது கடைத்தெரு, இது பாலம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டு. நீ நன்றாக ஓட்டுவாய். ஒரே ஒரு தடவை உன் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன், உனக்குத் தெரியாது. பின்வாசல் வழியாக ஏறி பின்வாசல் வழியாகவே இறங்கிவிட்டேன். அந்தக் கோட்டை வளைவில் ஒரு குலுக்கல் இல்லாமல் திருப்பினாய். வீட்டுக்கு வந்து அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் மாமியார்


ஜூன் 26

அத்தை,

உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்தில் டாக்டரோ வேறு யாராவதோ இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அவர் போய்விட்டார், அத்தை.

போன கப்பலில் நான் தபால் போடவில்லை. எழுதி வைத்திருந்தேன். பெட்டிவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. திருகும் மரையும் கொடுக்கச் சொன்ன கடிதம். இனிமேல் ஒரு நாள்கூட உங்களை அப்படி நினைத்துக்கொண்டிருக்க விடக் கூடாது என்று இதை எழுதுகிறேன். அந்த அம்மாவிடம் இப்போது சொல்லாதே, முற்றுகை முடியட்டும் என்று இங்கே எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் என்னிடம் மறைக்கவில்லை. நான் மட்டும் எப்படி மறைப்பேன்?

கப்பலிலிருந்து இறக்கியபோதே உடம்பு அனலாகக் கொதித்தது. நான் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்தேன். “ஸ்டீரிங் புடிச்ச கை” என்று சிரித்தார். தாடியை யாரோ மழித்து அனுப்பியிருந்தார்கள், நீங்களாகத்தான் இருக்கும். என் சீட்டுக்குப் பின்னாலேயே படுக்கவைத்தேன். வழியெல்லாம் நான் எதையெதையோ சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது பாலம், இப்போது மரமறுக்கும் கடை, இப்போது ஒரு நாய் குறுக்கே வருகிறது என்று. நீங்கள் எழுதுவதற்கு முன்பே செய்திருக்கிறேன், அத்தை. “மெதுவாப் போ, ஒண்ணும் அவசரமில்ல” என்றார். நான் மெதுவாகப் போகவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை.

இறங்கியதும் காலைத்தான் காட்டினேன். அன்றே காலை வெட்டி எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றார்கள். மருந்து ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒரு சமயம் ஜுரம் இறங்கி நன்றாகப் பேசினார், எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். பிழைத்துவிட்டார் என்று நினைத்து வெளியே போய் முகம் கழுவினேன். மறுநாள் விடிந்து, ஜன்னலைத் திறந்துவைத்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. என் கை அவர் கையில் இருந்தது. தனியாக இல்லை. அதை மட்டும் நம்புங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மேட்டில் ஒரு இடம் கொடுத்தார்கள். அவர் பையிலிருந்த நல்ல சட்டையைப் போட்டுவிட்டேன். இறக்கும்போது பிடிக்க ஆள் போதவில்லை, ஒரு பக்கம் நான் பிடித்தேன்.

கடைசியில் உங்களைப் பற்றி நிறையப் பேசினார். அதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து தாளைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் அனுப்பினீர்கள். என்னால் முடியவில்லை. திட்டி எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். பதில் மட்டும் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

மருமகள்


ஜூலை 15

மகளே,

கடிதம் வந்தது. மீன் மார்க்கெட்டிலேயே நின்றுகொண்டு படித்துவிட்டேன். உட்காரச் சொல்லியிருந்தாய், அந்த வரியைப் படிக்கும் முன்பே என் கண் கீழே ஓடிவிட்டது. யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

கொஞ்ச நாள் மிஷினைத் தொடவில்லை. பிறகு தொட்டேன். வாசலில் ஒரு தகப்பன் வந்து நின்றுகொண்டிருந்தான், அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? இத்தனை பேர் பிள்ளைகளுக்குத் தைத்தேன். என் பிள்ளைக்கு நான் தைக்கவில்லை. நல்ல சட்டை போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாயே. நீல நிறமா? கழுத்தில் இரட்டைத் தையலா? அப்படியென்றால் அது நான் தைத்தது.

உன்னைத் திட்டச் சொல்கிறாய். நான் உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வரியைத் தேடினேன். “உங்களைக் கூட்டிவரப் போனவர் அவர்” என்ற வரி. முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில்தான் அதை எழுத உனக்கு எல்லா உரிமையும் இருந்தது. நீ எழுதவில்லை. நீ எழுதியிருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டாவது இருந்திருப்பேன். எழுதாமல் விட்டாய் பார், அங்கேதான் நான் உடைந்துபோனேன்.

நானே எழுதிவிடுகிறேன். அன்று அவன் “கெளம்பு” என்று சொன்னபோது நான் கிளம்பியிருந்தால் மூன்று பேரும் அந்தப் படகில் இருந்திருப்போம். பம்ப் ஸ்டேஷன் மேஸ்திரி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருப்பார். ஊருக்குத் தண்ணீர் நின்றிருக்கும், ஆஸ்பத்திரியில் யார் யாரோ செத்திருப்பார்கள். அதையும் நான் யோசித்துப் பார்க்கிறேன். எப்படி யோசித்தாலும் கடைசியில் அவன் மாடிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்திலேயே வந்து நிற்கிறது. இனி சாகும்வரை எனக்கு அந்தப் படிதான்.

இந்த ஊர் விழப்போகிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மலைப்பக்கத்துக் கோட்டை வாசல் போய்விட்டது. வயதானவர்களை ஏற்றுகிற கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கீழ்வீட்டு டாக்டர் ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார். மிஷினை இரண்டு பெண்களுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். கோணல் மாணலாகத்தான் தைக்கிறார்கள், ஆனாலும் யாரையும் வெறுமனே மண்ணில் போடமாட்டார்கள். வரிசையில் நின்று தட்டை நீட்டவும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும்.

அவனைத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் உன்னைத் தவிர யாரும் இல்லை. உனக்கும் நான் வந்தால்தான் அவன் பெயரைச் சொல்லிப் பேச ஒரு ஆள்.

நாளை ஏற்றுகிறார்கள். இந்தக் கடிதத்தைத் தபால் மூட்டையில் போடுகிறேன், நானும் அதே கப்பலில்தான் வருகிறேன். எது முதலில் உன் கைக்கு வருமோ தெரியாது. கப்பலைச் சுடமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். ஒருவேளை நான் வராமல் இது மட்டும் வந்தால், நான் கிளம்பித்தான் இருந்தேன் என்று தெரிந்துகொள்.

அவன் என்னைப் பற்றிக் கடைசியாகப் பேசியதை எழுதாதே. நேரில் சொல். திட்டியிருந்தால் அதையும் விடாமல் சொல். நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். நீ என் வீட்டுக்கு வந்துபோன அந்த இரண்டு வருஷமும் நான் உன்னை நேராகப் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் எனக்கு உன்னை அடையாளம் தெரியுமோ தெரியாதோ. நீ கூப்பிடு.

உன் அத்தை